மூன்றாம் நிரல்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆசிரியர்கள் கடைசி வரை வாசித்தால் சந்தோஷப்படுவோம். மற்றவர்களும் வாசிக்கலாம். வீட்டில் கறுவாவும் மிளகும் பாவிக்கிற எல்லோருக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது.

மாத்தளைப் பக்கம் ஒரே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற இரண்டு டீச்சர்மார் நாங்கள். நியமனம் கிடைத்தது ஒரே வருடம். ஆசிரியர் கலாசாலைக்குப் போனதும் ஒன்றாகத்தான். ஒப்படை திருத்துவது இன்றைக்கும் ஒரே மேசையில். அதனால் கீழே சொல்லப்போகிற பிழை எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தம். 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

எட்டு வருடத்துக்கு முன்பு நடந்தது. தரம் 10. பூக்கும் தாவரங்களின் பாகுபாடு. உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும் அந்த அட்டவணை. இடது பக்கம் ஒருவித்திலை, வலது பக்கம் இருவித்திலை. ஒருவித்திலை என்றால் வித்தில் ஒரு வித்திலை, நார்வேர், இலையில் சமாந்தர நரம்பு, பூவின் பாகங்கள் மூன்று அல்லது மூன்றின் மடங்கு. இருவித்திலை என்றால் இரண்டு வித்திலை, ஆணிவேர், இலையில் வலை போன்ற நரம்பு, பூவின் பாகங்கள் நான்கு அல்லது ஐந்து, இல்லாவிட்டால் அவற்றின் மடங்கு. பலகையில் எழுதினோம், பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். அடுத்த நாள் ஒப்படை கொடுத்தோம். "வீட்டுத் தோட்டத்தில் உள்ள ஐந்து தாவரங்களை அவதானித்து வகைப்படுத்துக. காரணம் தருக." ஒரு தாவரத்துக்கு இரண்டு புள்ளி. மொத்தம் 10.

நாற்பது கொப்பி வந்தது. முப்பத்தொன்பதில் தென்னை, நெல், வாழை, மா, செவ்வரத்தை. யாரும் தோட்டத்துக்குப் போயிருக்க மாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். புத்தகத்தில் இருந்த உதாரணங்கள்தான். எல்லோருக்கும் பத்துக்குப் பத்து, ஒன்பது, எட்டு.

ஒரு பிள்ளை மட்டும் தோட்டத்துக்குப் போயிருந்தார். வாப்பா மிளகு, சாதிக்காய் எல்லாம் பறித்துக் காயவைத்து டவுனுக்குக் கொண்டுபோய் விற்கிறவர். வீட்டைச் சுற்றி அந்த மரங்கள்தான். தென்னையை ஒருவித்திலையில் போட்டிருந்தார், செவ்வரத்தையை இருவித்திலையில் போட்டிருந்தார். பிறகு அடிமட்டம் வைத்து மூன்றாவதாக ஒரு நிரல் கீறி, அதற்கு மேல் 'இரண்டிலும் சேரவில்லை' என்று எழுதி, மிளகு, முள் அன்னமுன்னா, கறுவா மூன்றையும் அதில் போட்டிருந்தார்.

காரணமும் எழுதியிருந்தார். முள் அன்னமுன்னா: இலை வலை, ஆனால் பூவில் வெளியே தடித்த இதழ் மூன்று, உள்ளே இதழ் மூன்று, அடியில் சின்னப் புல்லி மூன்று. கறுவா: இலையில் அடியிலிருந்து நுனி வரைக்கும் மூன்று பெரிய நரம்பு சேர்ந்து ஓடுகிறது, இடையில் வலையும் இருக்கிறது, பூவில் இதழ் ஆறு. மிளகு: பூவில் இதழே இல்லை, எண்ண முடியாது.

நாங்கள் என்ன செய்தோம்? அந்த நிரலின் குறுக்கே சிவப்புப் பேனையால் ஒரு கோடு. கீழே 'பாடப்புத்தகத்தை வாசிக்கவும்'. பத்துக்கு நான்கு.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த நாள் வகுப்பில் அந்தக் கொப்பியைத் தூக்கிக் காட்டினோம். "இந்தப் பிள்ளை உலகத்துக்குப் புதுசா ஒரு வகை கண்டுபிடிச்சிருக்கிறா" என்று சொன்னோம். வகுப்பே சிரித்தது. பிள்ளை எழும்பி நின்று, "டீச்சர், நான் எண்ணிப் பாத்தன். மூணு மூணாத்தான் ஈக்கி" என்று மட்டும் சொன்னார். "எண்ணினது சரி மகள், ஆனா வித்துல ரெண்டு வித்திலை ஈக்கிதானே, அப்ப இருவித்திலை. இரிங்க" என்றோம். அன்றிலிருந்து பையன்கள் அவருக்கு 'மூணாம் நிரல்' என்று பட்டம் வைத்தார்கள். ஓ எல் முடியும் வரைக்கும் அந்தப் பட்டம் போகவில்லை. அந்தப் பிள்ளை எங்கள் வகுப்பில் அதற்குப் பிறகு கை உயர்த்தவும் இல்லை. ஒப்படைகளில் தென்னை, நெல், வாழை, மா, செவ்வரத்தை என்று எழுதத் தொடங்கினார். நாங்களும் பத்துக்குப் பத்து போட்டுக்கொண்டே இருந்தோம்.

சில வருடங்களுக்குப் பிறகு கலாசாலைக்குப் போனோம். அங்கே தாவரவியல் எடுத்தவர் ஓய்வுக்குக் கிட்ட இருந்த ஒரு சேர். ஒரு நாள் புத்தகமும் இல்லாமல் வெண்கட்டியும் இல்லாமல், ஒரு புரியாணிச் சாமான் பைக்கற்றோடு வந்தார். மேசையில் கொட்டினார். கறுவா, கராம்பு, ஏலம், மிளகு, சாதிக்காய், வசவாசி, சீரகம், அன்னாசிப்பூ. "ஒருவித்திலை, இருவித்திலை என்று பிரியுங்க" என்றார். ஏலத்தை ஒரு பக்கம் வைத்தோம், மற்றதெல்லாம் மறுபக்கம். ஒரு நிமிடம் கூட எடுக்கவில்லை.

சேர் ஒன்றும் சொல்லாமல் இருவித்திலைக் குவியலில் கை வைத்தார். கராம்பையும் சீரகத்தையும் மட்டும் அங்கேயே விட்டார். கறுவா, மிளகு, சாதிக்காய், வசவாசி நான்கையும் எடுத்து வேறாக வைத்தார். அன்னாசிப்பூவைத் தனியாக, தூரத்தில் வைத்தார். "இப்ப சரி" என்றார்.

எங்களுக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த நடுக் குவியலைப் பார்த்ததும் அடிமட்டம் வைத்துக் கீறிய ஒரு நிரல்தான் ஞாபகம் வந்தது.

சேர் அன்று சொன்னதையும் பிறகு நாங்கள் தேடிப் படித்ததையும் சேர்த்து எங்களுக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறோம்.

வித்திலையின் எண்ணிக்கையை வைத்துத் தாவரங்களைப் பிரிக்கிற வழி இங்கிலாந்தின் ஜோன் ரே என்பவரிடமிருந்து வருகிறது. 1682இல் வெளியிட்ட நூலில் அதைத் தொடங்கி, 1703இல் திருத்திய பதிப்பில் உறுதியாக்கினார். அதற்குப் பிறகு வந்த லின்னேயஸ் வேறு வழியில் போனார். அவர் எண்ணியது கேசரங்களை. இலங்கைக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இங்கே இருந்த போல் ஹேர்மன் சேகரித்துக் காயவைத்த செடிகளைப் பார்த்து, 1747இல் 'புளோரா சைலானிக்கா' என்று நம் நாட்டுத் தாவரங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1753இல் அவர் வெளியிட்ட பெரிய நூலில் நம் கறுவா 'ஒன்பது கேசரம்' உள்ள வகுப்பில் இருக்கிறது. அதாவது மூன்று, மூன்று, மூன்று. எண்ணிப் பார்க்கிறவர்களுக்குக் கறுவா அப்போதிருந்தே மூன்றைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

லின்னேயஸின் கேசரக் கணக்கு பிறகு கைவிடப்பட்டது. ரேயின் வித்திலைக் கணக்கு நின்றது. முந்நூறு வருடம் நின்றது. அது இலேசானது, பெரும்பாலும் சரியாகவும் வந்தது.

அதில் எங்கே பிழை? இதற்கு சேர் ஒரு உதாரணம் சொன்னார். எங்கள் வகுப்பில் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறோம். ஒரு ஊரில் பல குடும்பங்கள் இருக்கின்றன. அதில் ஒரு குடும்பம் ஊரை விட்டுக் கண்டிக்குப் போய்விடுகிறது. போன குடும்பத்தின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் 'கண்டிக்காரர்' என்று ஒரு குடும்பமாகச் சொல்லலாம். அது சரி. ஆனால் ஊரில் மிஞ்சிய எல்லோரையும் 'போகாதவர்கள்' என்று ஒரே குடும்பமாக்க முடியுமா? போகவில்லை என்பது மட்டும்தான் அவர்களுக்குள் இருக்கிற ஒற்றுமை.

ஒருவித்திலைகள் அந்தக் கண்டிக்காரர். ஒரே மூதாதையிலிருந்து வந்தவை. நெல், தென்னை, வாழை, இஞ்சி, ஏலம், ரம்பை எல்லாம் உண்மையிலேயே ஒரு குடும்பம். ஆனால் இரண்டு வித்திலை இருப்பது ஆதியிலிருந்தே இருந்த பழைய குணம். அதைக் கைவிடாத எல்லாவற்றையும் ஒரு குவியலில் போட்டு 'இருவித்திலை' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அப்படியானால் உண்மையான சொந்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வழி மகரந்தமணி. ஒருவித்திலைகளிலும், கறுவா அன்னமுன்னா கூட்டத்திலும், மகரந்தமணியின் அடிப்படை அமைப்பில் ஒரே ஒரு பிளவுதான். செவ்வரத்தை, மா, கடுகு, அவரை கூட்டத்தின் மூதாதையிலோ மூன்று பிளவு. இந்த மூன்று பிளவுக் கூட்டத்துக்கு 1991இல் டொயில், ஹொட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு தனிப் பெயர் வைத்தார்கள். தமிழில் 'உண்மை இருவித்திலை' என்று சொல்லலாம்.

கலாசாலையின் நுணுக்குக்காட்டியில் நாங்கள் முதலில் வைத்தது செவ்வரத்தை மகரந்தம். மூன்று பிளவு தெரியும் என்று கண்ணை வைத்தால், முள்ளு முள்ளாய் ஒரு உருண்டை. சேர் சிரித்தார். "அது பிறகு மாறினது. கடுகுப் பூவை எடுத்து வாங்க" என்றார். கடுகில் தெரிந்தது. மூன்று பக்கமும் வெட்டு விழுந்த சின்ன மணி. நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். இத்தனை வருடம் விஞ்ஞானம் படிப்பித்திருக்கிறோம். ஒரு மகரந்தமணியைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

இன்னொரு வழி டி.என்.ஏ. 1993இல் 42 ஆய்வாளர்கள் சேர்ந்து, ஏறக்குறைய 500 தாவரங்களின் ஒரே ஒரு பரம்பரையலகை ஒப்பிட்டு ஒரு பெரிய மரம் வரைந்தார்கள். அந்த வேலையின் தொடர்ச்சியாக 1998இல் ஒரு தாவரவியலாளர் குழு புதிய பாகுபாட்டை வெளியிட்டது. 2003, 2009, 2016 என்று அதைத் திருத்தியும் வந்தார்கள். மகரந்தம் சொன்னதையே டி.என்.ஏயும் சொன்னது.

அதன்படி, உலகில் உள்ள சுமார் 3 இலட்சம் பூக்கும் தாவர இனங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு உண்மை இருவித்திலை. ஐந்தில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூட ஒருவித்திலை. மிச்சம் இருக்கிற சிறு பங்கில் பெரியது மக்னோலியாக் கூட்டம், சுமார் 10 ஆயிரம் இனம். கறுவா, மிளகு, வெற்றிலை, சாதிக்காய், அன்னமுன்னா, அவகாடோ எல்லாம் அதில்தான். நம் வீட்டுக் குசினியில் பாதி அந்தச் சின்னக் கூட்டம்!

அவற்றின் பூக்களைப் பாருங்கள். கறுவாப் பூவில் இதழ் ஆறு, மூன்று மூன்றாய் இரண்டு சுற்று. மகரந்தம் தருகிற கேசரம் ஒன்பது. மகரந்தக்கூடு வெடிப்பதில்லை, சின்ன யன்னல் திறப்பது போல மூடி மேலே எழும்பும். சாதிக்காய்ப் பூ ஒரு குட்டி மணி மாதிரி, விளிம்பு பொதுவாக மூன்றாய்ப் பிரிந்திருக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும் வரைக்கும் எது எதுவென்று தெரியாமல் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அன்னமுன்னாவில் மூன்று மூன்றாய் இதழ், உள்ளே எண்ண முடியாத அளவு கேசரம், நடுவில் நிறையத் தனித்தனிச் சூலகங்கள். அவை எல்லாம் சேர்ந்துதான் ஒரு பழமாகின்றன. மிளகுப் பூவில் புல்லியும் இல்லை, அல்லியும் இல்லை. கதிரில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு சூலகமும் பக்கத்தில் பொதுவாக இரண்டு கேசரமும்தான். அந்தப் பிள்ளை எழுதியது போலவே, இதழ் எண்ண வழியில்லை.

அப்படியானால் அன்னாசிப்பூவை சேர் ஏன் தூரத்தில் வைத்தார்? அது இவற்றுக்கும் முந்திப் பிரிந்த கிளை. பெயர் பூ, ஆனால் உண்மையில் காய். அதற்கும் முந்திப் பிரிந்தது எது தெரியுமா? 1986இல் நம் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட நீல அல்லியின் குடும்பம். பூக்கும் தாவரங்களின் மரத்தில் முதலில் பிரிந்த கிளை பசுபிக்கில் நியூ கலிடோனியாத் தீவில் மட்டும் வளர்கிற அம்போரெல்லா என்ற செடி. அடுத்தது அல்லிகள். ஒரு அல்லியைப் பிய்த்துப் பாருங்கள். வெளி இதழிலிருந்து உள்ளே போகப் போக இதழ் ஒடுங்கி ஒடுங்கிக் கேசரமாக மாறும். எங்கே இதழ் முடிகிறது, எங்கே கேசரம் தொடங்குகிறது என்று கோடு போட முடியாது.

அதே குளத்தில் பக்கத்திலேயே தாமரை இருக்கும். இரண்டையும் அக்கா தங்கை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். தாமரை மகரந்தத்தில் மூன்று பிளவு. அது உண்மை இருவித்திலை. அல்லியை விட மாமரத்துக்கும் செவ்வரத்தைக்கும் கிட்டிய சொந்தம். தண்ணீரில் வாழ்ந்ததால் ஒரே உருவம் வந்தது, அவ்வளவுதான்.

கலாசாலை முடிந்து திரும்பிய பிறகும் நாங்கள் உடனே போகவில்லை. வெட்கம். "பிள்ளைக்கு ஞாபகமே இருக்காது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். இந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் போனோம்.

ஏ எல்லில் கலைப்பிரிவு படித்துவிட்டு இப்போது ஊரில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறார். அவரும் டீச்சர். உம்மா வட்டலப்பம் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் சுற்றி வளைக்காமல் சொன்னோம். "மகள், அன்னிக்கு நீங்க போட்ட மூணாவது நிரல் சரி. நாங்க வெட்டினதுதான் பிழை. வகுப்புக்கு முன்னால சிரிக்க வச்சது அதை விடப் பெரிய பிழை. மன்னிச்சிக்கோங்க."

ஞாபகம் இருந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் பிழைன்டுதான் இவ்வளவு நாளும் நெனச்சிக்கிட்டு ஈந்தன் டீச்சர். எனக்கு எண்ணவும் தெரியா, பார்க்கவும் தெரியாண்டு" என்றார்.

இந்த வசனம்தான் எங்களை இந்தப் பதிவை எழுத வைத்தது. ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்ததை நம்பினார். நாங்கள் அந்தக் கண்ணை நம்பாதே என்று படிப்பித்துவிட்டோம். அவர் விஞ்ஞானப் பிரிவுக்குப் போகாததற்கு நாங்கள்தான் காரணமா என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

வாப்பா எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேலியோரம் வெட்டாமல் விட்ட ஒரு கறுவா மரம். பூக்கிற காலம் முடிந்துகொண்டிருந்தது. கீழ்க் கொப்பில் ஒரு குலை மிச்சம் இருந்தது. போனைக் கிட்டப் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். பிள்ளை எண்ணினார். இதழ் ஆறு. கேசரம் எண்ணும்போது இரண்டு தரம் பிழைத்து, மூன்றாம் தரம் ஒன்பது வந்தது. வாப்பா, "இத்தனை வருஷம் இதுக்குக் கீழதான் ஈக்கிறன், பூவ ஒரு நாளும் எண்ணினதில்ல" என்றார்.

திரும்பி வரும்போது பிள்ளை ஒரு கேள்வி கேட்டார். "அப்ப டீச்சர், இப்ப உள்ள பிள்ளைகளுக்கும் ரெண்டு நிரல்தானே போடுறீங்க?"

உண்மைதான். பரீட்சையில் வினா எப்படி வருகிறதோ அப்படித்தான் பிள்ளை விடை எழுத வேண்டும். மிளகுக்கு 'இருவித்திலை' என்று எழுதச் சொல்லித்தான் இப்போதும் படிப்பிக்கிறோம். அதில் பொய் இல்லை. வித்தில் இரண்டு வித்திலை இருப்பது உண்மையே. ஆனால் அதே பாடத்தில், அடுத்த பத்து நிமிடத்தில், அது ஒரு குடும்பத்தின் பெயர் இல்லை என்றும் சொல்கிறோம். தோட்டத்து ஒப்படையில் இப்போது மூன்று நிரல். மூன்றாவதற்குத் தலைப்பு போடுவதில்லை. 'நீங்கள் பார்த்தது, அட்டவணையோடு ஒத்துவராதது' என்று மட்டும் சொல்கிறோம். அதில் எதை எழுதினாலும், எண்ணிப் பார்த்து எழுதியிருந்தால் முழுப் புள்ளி. எண்ணாமல் தென்னை, நெல், வாழை என்று எழுதினால் பாதி.

சென்ற தவணை ஒரு பையன் மூன்றாம் நிரலில் வெற்றிலையைப் போட்டிருந்தான். காரணம்: 'பூவில் இதழைக் காணவில்லை. மூத்தம்மாவிடம் கேட்டேன். அவவும் காணவில்லை.' முழுப் புள்ளி போட்டோம். வகுப்பில் வாசித்தும் காட்டினோம், அவனிடம் கேட்டுவிட்டு.

ஆசிரிய நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய கொப்பிகள் எதுவும் கையில் இருக்காது என்று தெரியும். ஆனால் நீங்கள் குறுக்கே கோடு போட்ட ஒரு விடை கட்டாயம் ஞாபகத்தில் இருக்கும். அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள். நாங்கள் எட்டு வருடம் பிந்திப் போனோம். நீங்கள் அவ்வளவு பிந்த வேண்டாம்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. வீட்டில் மிளகுக் கொடி பூத்திருந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு கதிரைக் காட்டுங்கள். இதழைத் தேடச் சொல்லுங்கள். இல்லை என்று சொன்னால், "சரி, வேற என்ன தெரியுது?" என்று கேளுங்கள்.

இந்தப் பதிவை அந்தப் பிள்ளையிடம் காட்டி, அவர் சம்மதித்த பிறகுதான் போடுகிறோம். பெயர் வேண்டாம் என்றார். தலைப்பை அவர்தான் சொன்னார்.